உடலில் அணியும் ஃபைபர் கவசம்: வாசகர் கேள்வி – பதில்

வேடமணியும் விழாக்கள் நம் ஊர்களிலும் நடைபெறத் தொடங்கியிருப்பதால், முழு உடற்கவசம் ஒன்றை ஃபைபர் கிளாஸில் தாமே செய்துகொள்ள விரும்பும் வாசகர்கள் பலர் எழுதுகிறார்கள். அவர்களின் கடிதங்களுள் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளைத் தேர்ந்து, ஒரே பொருளைப் பேசும் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: கல்லூரி விழாவுக்காக ஒரு விண்வெளிப் போர்வீரனின் கவசத்தைத் தலைமுதல் கால்வரை செய்ய நினைக்கிறேன். ஃபைபர் கிளாஸ் கனமாக இருக்கும் என்றும், ஃபோம் ஷீட் போதும் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? (ஒரு மாணவர், கோவை)

பதில்: முதலில் எடைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள ஃபைபர் மேட்டை (கண்ணாடி இழைகளைப் பாய்போல் பரப்பிப் பிணைத்த விரிப்பை) இரண்டு அடுக்காக விரித்துக் கையால் ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின் திரவம்) பூசினால், அந்த 600 கிராம் கண்ணாடி இழை தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேலான ரெசினை உறிஞ்சிக்கொள்ளும். ஆக, ஒரு சதுர மீட்டர் ஓட்டின் எடை ஏறத்தாழ 2 கிலோ. தடிமன் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். நடுத்தர உடல்வாகு உள்ள ஒருவருக்கு, மூட்டுகளில் விடவேண்டிய இடைவெளிகளைக் கழித்துவிட்டால், எல்லாத் தகடுகளின் பரப்பும் சேர்ந்து 1.25 முதல் 1.5 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். ஜெல் கோட் (அச்சில் முதலில் பூசும் வெளிப்பூச்சு ரெசின்), பட்டி, பெயின்ட், உள்மெத்தை, வார்கள் ஆகியவற்றையும் கூட்டினால் முழுக் கவசத்தை 5 அல்லது 6 கிலோவில் முடிக்கலாம். 15-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீரர்கள் அணிந்த முழு எஃகுக் கவசம் 15 முதல் 25 கிலோ வரை இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இது பெரிய சுமை அன்று. உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் மூன்றாவது, நான்காவது அடுக்கு போடுவதாலும், படகுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் உரிய தடித்த மேட்டை வாங்கிவிடுவதாலும், பிரஷ்ஷில் ரெசினை வழிய விடுவதாலும்தான் கவசங்கள் கனத்துப்போகின்றன. மேட்டை நனைக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு மேல் ஊற்றும் ரெசின் வலுவைக் கூட்டுவதில்லை. எடையையும் உடையும் தன்மையையும்தான் கூட்டுகிறது.

ஒரே ஒருநாள் அணிந்துவிட்டு எடுத்துவைக்கப் போகிறீர்கள் என்றால் ஃபோம் ஷீட்டே போதுமானது. கூர்மையான விளிம்புகளும், உலோகத்தைப் போன்ற மெருகும், பல ஆண்டுகள் நீடிக்கும் உறுதியும் வேண்டுமென்றால் ஃபைபருக்கு வாருங்கள். இரண்டையும் கலந்து செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. தலைக்கவசம், மார்பு, முதுகு, தோள், முன்கை, தொடை, முழங்காலுக்குக் கீழே உள்ள தகடு ஆகியவற்றை ஃபைபரிலும், குனியும்போது மடங்கியே தீரவேண்டிய வயிற்றுப் பகுதியை ஃபோமிலும் அமைத்தால் அணிபவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

கேள்வி: கணினியில் கிடைத்த வரைபடத்தை அச்சிட்டு, தடித்த அட்டையில் வெட்டி ஒட்டி, மார்புக் கவசத்தின் உருவத்தைச் செய்தேன். ரெசின் பூசிக் காயவைத்தபின் அது ஒருபக்கம் முறுக்கிக்கொண்டது. என்ன காரணம்? அதைச் சரிசெய்ய முடியுமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: இந்த வேலைக்குப் பொதுவாகப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது சுருங்கும். கண்ணாடி இழை அந்தச் சுருக்கத்தைப் பெருமளவு தடுத்து நிறுத்தும்; ஆனால் அட்டையின் மேல் வெறும் ரெசினைத் தடிமனாகப் பூசினால் தடுக்க எதுவும் இல்லாததால், பூசிய பக்கத்தை நோக்கி அட்டை இழுபடும். இதனோடு, நனைந்த அட்டை தன் எடையையே தாங்க முடியாமல் தொய்வதும் சேர்ந்துகொள்கிறது. அட்டை உருவத்தின் உள்ளே, இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் அட்டைப் பட்டைகளாலோ மெல்லிய மரக்குச்சிகளாலோ முட்டுக் கொடுத்துவிட்டு, வெளிப்புறத்தில் மிக மெல்லிய பூச்சு ஒன்றை இட்டு, அது முழுவதும் இறுகியபின் இரண்டாவது மெல்லிய பூச்சு இடவேண்டும். அதன் பிறகே முட்டுகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு, உட்புறத்தில் சிறுசிறு துண்டுகளாகக் கிழித்த மேட்டை ரெசினோடு ஒட்டிக்கொண்டு போகவேண்டும். கத்தரித்த துண்டைவிடக் கையால் கிழித்த துண்டின் ஓரம் பக்கத்துத் துண்டோடு தடம் தெரியாமல் கலக்கும். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைப்பதைக் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள்.

முறுக்கிக்கொண்ட ஓட்டின் உட்புறத்தில் இன்னும் மேட் ஒட்டவில்லை என்றால், சூடான காற்றை ஊதும் கருவியால் மெதுவாகச் சூடேற்றி, இளகும் இடத்தில் திருத்தி, ஆறும்வரை இறுக்கிப் பிடித்துவைத்துச் சிறிதளவு சரிசெய்யலாம். இதைத் திறந்தவெளியில், முகமூடி அணிந்துகொண்டு செய்யவேண்டும். மேட் ஒட்டி இறுகிவிட்டதென்றால் வெட்டிப் பிரித்து மறுபடி இணைப்பதே வழி.

அட்டை முறையில் இன்னொரு சிக்கல், அளவு. உடலை நாடாவால் அளந்து அந்த அளவிலேயே அச்சிட்டுவிடுகிறார்கள். ஓட்டின் தடிமனுக்கும், உள்மெத்தைக்கும், உள்ளாடைக்கும், காற்றுக்கும் சேர்த்து உடலைச் சுற்றி 2 சென்டிமீட்டர் இடம் வேண்டுமென்றால், சுற்றளவு 4 சென்டிமீட்டர் கூடினால் போதும் என்று தோன்றும். உண்மையில் ஆரம் 2 சென்டிமீட்டர் கூடும்போது சுற்றளவு சுமார் 12.5 சென்டிமீட்டர் கூடவேண்டும். தொடைக்கும் முன்கைக்கும் இந்தக் கணக்கைப் போடாமல் செய்யப்பட்ட தகடுகள் அணியவே முடியாதவையாகிப் போகின்றன. முதலில் வெறும் அட்டையிலேயே ஒரு மாதிரியைச் செய்து, அதை அணிந்து, உட்கார்ந்து, குனிந்து, கையை உயர்த்திப் பார்த்தபிறகு ரெசின் டப்பாவைத் திறங்கள்.

கேள்வி: எங்கள் நாடகக் குழுவில் மூவருக்கு ஒரேமாதிரியான கவசம் தேவை. அச்சு எடுத்துச் செய்வது நல்லதா? தெர்மோகோலில் உருவம் செதுக்கி அதன்மேல் ஃபைபர் ஒட்டலாமா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: இரண்டாவது கேள்விக்கு விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் தெர்மோகோலைக் கரைத்துவிடும். நீங்கள் பல நாள் செதுக்கிய உருவம் கண்முன்னே குழிந்து உள்வாங்கிப் போய்விடும். தெர்மோகோலில்தான் செதுக்குவேன் என்றால் அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைச் சிறு இடைவெளிகூட இல்லாமல் பூசி மூடவேண்டும். அல்லது ஸ்டைரீன் இல்லாத எபாக்ஸி ரெசினைப் பயன்படுத்தவேண்டும். எபாக்ஸிக்கு மாறினால் மேட்டையும் மாற்றவேண்டியிருக்கும். சாதாரண மேட்டில் இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும் என்பதால், எபாக்ஸியோடு அது வளைந்துகொடுக்காது. அங்கே நெய்யப்பட்ட கண்ணாடித் துணியே ஏற்றது.

மூன்று பேருக்கு என்றால் அச்சு எடுப்பதே சரி. அணியப்போகிறவரின் அளவுக்கு ஏற்ற ஒரு துணிக்கடைப் பொம்மையின் மேலோ, பிளாஸ்டர் கட்டுத்துணியால் எடுத்த உடற்படியின் மேலோ களிமண்ணால் தகட்டின் வடிவத்தை உருவாக்குங்கள். அச்சிலிருந்து பொருள் வெளியே வருமா என்பதை இந்தக் கட்டத்திலேயே ஒவ்வொரு வளைவாகப் பார்த்துக்கொள்ளவேண்டும். உட்பக்கமாக மடியும் விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கே ஒற்றை அச்சு சிக்கிக்கொள்ளும். தலைக்கவசத்துக்கும் முன்கைக்கும் இது நிச்சயம் நேரும் என்பதால், நடுவில் களிமண்ணால் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, இரண்டு பாதிகளாக அச்சு எடுத்து, ஓரப்பட்டைகளைப் போல்ட் போட்டு இணைக்கவேண்டும். களிமண் உருவத்தின்மேல் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) பூசி ஈரத்தை அடைத்து, மெழுகு தேய்த்து, ஃபைபரிலேயே அச்சை எடுக்கலாம். அச்சு மட்டும் தகட்டைவிடத் தடிமனாக, நான்கைந்து அடுக்கோடு இருக்கட்டும்.

புதிய அச்சுக்கு மெழுகு பாலிஷை ஐந்து முறையாவது பூசித் தேய்த்து, அதன்மேல் பி.வி.ஏ. திரவத்தை (காய்ந்ததும் படலமாகி, தகடு அச்சில் ஒட்டாமல் காப்பது) பூசிக் காயவிடுங்கள். பிறகு அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு ஜெல் கோட். இதை மெல்லியதாகப் பூசிவிட்டால், அடுத்து வரும் அடுக்கின் ஸ்டைரீன் ஊடுருவிப் பூச்சு முழுவதும் சுருக்கம் விழுந்துவிடும். விரலால் தொட்டால் பிசுபிசுப்பு தெரிந்தாலும் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் முதல் மேட்டைப் போட்டு, பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனைத்து, ரோலரால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றவேண்டும். மூலைகளில் குமிழி தங்கினால் பிற்பாடு அந்த இடம் முட்டை ஓட்டைப்போல் நொறுங்கும்.

கடலோர ஊர்களில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகின. அந்தப் படகுகளைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் இதே கைவேலைதான். நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ ஒரு படகுப் பட்டறையில் அனுமதி கேட்டு ஒருநாள் உடன் நின்று பார்த்தால், மேட் நனையும் பதத்தை நூறு பக்கம் படித்தாலும் வராத தெளிவோடு கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: ஒருமுறை ரெசின் கப்பிலேயே கொதித்துப் புகைந்தது, இன்னொருமுறை மூன்று நாளாகியும் மேற்பரப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. கலவை அளவைச் சொல்லுங்கள். (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: ரெசினின் எடையில் 1 முதல் 2 சதவீதம் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) என்பது பொது விதி. நம் ஊர்க் கோடையில் 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கட்டும். இறுகும் வினை வெப்பத்தை வெளியிடும். அந்த வெப்பம் வினையை இன்னும் விரைவாக்கும். அகலமாகப் பரவிக் கிடக்கும் ரெசின் சூட்டை வெளியே விட்டுவிடும், கப்பில் குவிந்து கிடக்கும் ரெசினால் அது முடியாது. ஆகையால் ஒருமுறைக்குக் கால் கிலோவுக்கு மேல் கலக்காமல், கலந்ததும் ஆழமில்லாத தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். எஞ்சியது சூடேறத் தொடங்கினால் வெட்டவெளியில் மணல்மேல் வைத்துவிடவேண்டும், குப்பைத்தொட்டியில் போடக்கூடாது.

மேற்பரப்பு ஒட்டுவதற்குப் பெரும்பாலும் கலவை காரணம் அன்று. அடுக்கு அடுக்காகப் போடுவதற்கான ரெசின், காற்றுப்படும் பக்கத்தில் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். அடுத்த அடுக்கு நன்றாகப் பிடிப்பதற்கு அது உதவியானதும்கூட. கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகுக் கரைசல் கலந்த ரெசினைப் பயன்படுத்தினால், மெழுகு மேலே மிதந்து காற்றைத் தடுத்து, உட்புறம் கெட்டியாகிவிடும். உடலைத் தொடும் பக்கம் ஆதலால் இதை விட்டுவிடாதீர்கள். உள்ளேவரை இளக்கமாக இருந்தால்தான் கேட்டலிஸ்ட் குறைவு அல்லது சரியாகக் கலக்கவில்லை என்று பொருள்.

இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரைத் தனியாகத் தரும் கடைகள் உண்டு. அதை முதலில் ரெசினில் முழுமையாகக் கலக்கியபிறகே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்கவேண்டும். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ செய்யும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினையே கேட்டு வாங்குவது நல்லது.

கேள்வி: என் மகன் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் இந்த வேலையைச் செய்கிறான். வீடு முழுவதும் வாடை. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்கிறான். இதில் ஆபத்து உண்டா? (ஒரு தாய், தாம்பரம்)

பதில்: உண்டு, அம்மா. தயவுசெய்து இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வாடை ஸ்டைரீனின் ஆவி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018-இல் அதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு மிகுந்த 2ஏ வகையில் சேர்த்தது. உடனடி விளைவாகத் தலைவலியும் தலைச்சுற்றலும் கண்ணெரிச்சலும் வரும். அது காற்றைவிடக் கனமான ஆவி ஆதலால் தரையோடு தவழ்ந்து அறைக்குள் தேங்கும். 31 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை அது வெளியிடும் என்பதையும், நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அந்த வெப்பம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பால்கனிக்கு அடுத்து இருக்கும் சமையலறை அடுப்பு எவ்வளவு பெரிய ஆபத்து என்பது விளங்கும்.

கைக்குட்டையும், அறுவைச் சிகிச்சை முகமூடியும், தூசிக்கான என்95 முகமூடியும் ஆவியைத் தடுக்கமாட்டா. கரிம ஆவியை உறிஞ்சும் குப்பி பொருத்திய ரப்பர் முகமூடி வேண்டும். உப்புத்தாள் தேய்க்கும்போது எழும் தூசிக்கு என்95 பயன்படும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசியே பெருமளவு எழாது. கண்ணாடி இழை தோலில் அரிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டையும் கையுறையும் அவசியம். அரித்தால் சொறியாமல் குளிர்ந்த நீரில் அலசவேண்டும். கேட்டலிஸ்ட்டைத் தொடும் ஒவ்வொருமுறையும் கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடி அணியவேண்டும். ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். தெறித்துவிட்டால், ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

உங்கள் மகனின் ஆர்வத்தைத் தடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத மொட்டை மாடியில் நிழலுக்குப் பந்தலிட்டோ, ஃபைபர் பட்டறை ஒன்றில் இடம் கேட்டோ அவர் தொடரட்டும். வீட்டுக்குள்தான் செய்யமுடியும் என்றால் இந்தக் கவசத்தை ஃபோமில் செய்யட்டும். அதற்கான பசைக்கும் சன்னல்கள் திறந்திருக்கவேண்டும்.

கேள்வி: தகடுகள் எல்லாம் அழகாக வந்துவிட்டன. ஆனால் அணிந்தால் கையைத் தூக்க முடியவில்லை. மார்புக் கவசம் மேலேறிக் கழுத்தில் இடிக்கிறது. தொடைத் தகடு நழுவுகிறது. தகடுகளை உடலில் எப்படிப் பொருத்துவது? (மூன்று வாசகர்கள் – சேலம், புதுச்சேரி, ஈரோடு)

பதில்: இத்தனை கடிதங்களில் நான் மிகவும் எதிர்பார்த்த கேள்வி இதுதான். கவசம் செய்பவர்கள் காலத்தில் பெரும்பகுதியைத் தகட்டுக்குச் செலவிட்டுவிட்டு, வார்களையும் இடைவெளிகளையும் விழாவுக்கு முந்தைய இரவுக்கு ஒதுக்குகிறார்கள். வரிசை நேர்மாறாக இருக்கவேண்டும். உடல் எங்கெங்கே மடங்குகிறது என்று முதலில் குறித்து, அந்த இடங்களை வெறுமையாக விட்டு, மிஞ்சும் இடத்துக்குத்தான் தகடு வரையவேண்டும்.

கை தூக்க முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் மார்புத் தகட்டின் அக்குள் வெட்டு. நேராக நிற்கும்போது அழகாகப் பொருந்தும் தகடு, இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவரும்போது தோள்தசையில் இடிக்கும். பழைய எஃகுக் கவசங்களைப் பார்த்தால் மார்புத் தகட்டின் அக்குள் பகுதி நன்றாக உள்வாங்கி வெட்டப்பட்டிருப்பதும், அப்படி வெட்டியதால் தெரியும் இடத்தைத் தனியான தோள்தகடு மேலிருந்து மறைப்பதும் தெரியும். அவர்கள் மார்புத் தகட்டை இயற்கையான இடுப்பு மடிப்போடு நிறுத்திவிட்டு, அதற்குக் கீழே குறுகிய வளையத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படித் தோல்வார்களில் தொங்கவிட்டார்கள். உங்கள் மார்புக் கவசம் உட்காரும்போது கழுத்தில் இடிப்பதற்குக் காரணம், அது தொப்புள்வரை இறங்குவதுதான். தொடை அதை மேலே தள்ளுகிறது. கடைசி விலா எலும்போடு அதை வெட்டிவிட்டு, வயிற்றுக்குத் தனித்துண்டு கொடுங்கள். முன்கைத் தகடு முழங்கை மடிப்புக்கு நான்கு விரற்கடை முன்னதாகவே முடியவேண்டும். முழங்காலுக்குக் கீழ்த்தகடு பின்பக்கம், முழங்கால் மடிப்பின் அருகிலும் குதிகால் நரம்பின் அருகிலும், முன்பக்கத்தைவிடக் குட்டையாக இருக்கவேண்டும்; மாடிப்படி ஏறிப் பார்த்தால் எவ்வளவு குட்டை என்பது தெரிந்துவிடும். வெட்டுவதைத் தகடு இறுகும் பதத்தில், தோல்போல் வளையும்போதே கூரான கத்தியால் செய்தால் தூசியும் இல்லை, விரிசலும் இல்லை. முழுதும் இறுகியபிறகு வெட்டினால் விளிம்பை உப்புத்தாளால் உருட்டித் தேய்த்து ரப்பர் பீடிங் மாட்டவேண்டும். தேய்க்காத ஃபைபர் விளிம்பு சதையைக் கிழிக்கும்.

அடுத்தது எடை எங்கே இறங்கவேண்டும் என்பது. உடலில் சுமை தாங்கும் இடங்கள் இரண்டு: தோளும் இடுப்பும். மார்பும் முதுகும் தோளில் இரண்டு அகலமான வார்களால் இணைந்து, விலாப்பக்கங்களில் கிளிப் வைத்த நைலான் நாடாவால் இறுகவேண்டும். தோள்தகடு கையில் கட்டப்படாமல், மார்புக் கவசத்தின் தோள்வாரிலிருந்து தொங்கவேண்டும். அதன் கீழ்விளிம்பை மட்டும் ஓர் எலாஸ்டிக் நாடா மேற்கையோடு பிடித்திருக்கட்டும். தொடைத் தகட்டைத் தொடையைச் சுற்றி எவ்வளவு இறுக்கினாலும் அது நழுவத்தான் செய்யும், ஏனென்றால் தொடை மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டு போகிறது. உள்ளே மறைவாக ஓர் அகன்ற இடுப்பு பெல்ட்டைக் கட்டி, அதிலிருந்து முன்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்றாக இரண்டு நாடாக்களில் தொடைத் தகட்டைத் தொங்கவிடுங்கள். கூத்துக் கலைஞர்கள் கனமான கட்டைகளை (மரத்தாலான அணிகலன்களை) உடம்பில் அணிவதைப் பார்த்திருப்பவர்களுக்கு, வெறும் மேனியில் எதையும் கட்டாமல் துணியைச் சுற்றி மெத்தைபோல் ஆக்கிக்கொண்டு அதன்மேல் கயிற்றை இறுக்கும் முறை நினைவிருக்கும். இங்கேயும் உடலை ஒட்டிய தடித்த உள்ளாடை ஒன்று கட்டாயம் வேண்டும். நாடாக்களை அதிலேயே தைத்துவிட்டால் இன்னும் நல்லது.

வார்களை ஓட்டில் பிணைக்க இரண்டு வழிகள் உண்டு. பாப் ரிவெட் (துளையில் செருகி, கருவியால் இழுத்து இறுக்கும் ஆணி) அடிப்பதென்றால் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டராவது உள்ளே தள்ளித் துளையிட்டு, உட்பக்கம் பெரிய வாஷர் கொடுத்து அடிக்கவேண்டும்; வாஷர் இல்லாத ரிவெட் இரண்டாம் முறை அணியும்போதே ஃபைபரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். வெளியே ரிவெட் தலை தெரியக்கூடாது என்றால், நாடாவின் நடுப்பகுதியை ஒரு வளையமாக விட்டு, இரு முனைகளையும் ஓட்டின் உட்புறத்தில் மேட்டும் ரெசினும் கொண்டு புதைத்துவிடலாம். அதற்குமுன் அந்த இடத்தை 80-ஆம் எண் உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கவேண்டும். வெளியே நிற்கும் வளையத்தில் ரெசின் ஏறினால் நாடா விறைத்து அந்த இடத்திலேயே முறியும். ஆகையால் அதற்கு முன்கூட்டியே மெழுகுத்தாளைச் சுற்றிவையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று நகரவேண்டிய தகடுகளுக்கு உட்பக்கமாக மூன்று தோல்வார்களை ஓடவிட்டு, ஒவ்வொரு தகட்டையும் ஒவ்வொரு வாரிலும் ஒற்றை ரிவெட்டால் பிணைத்தால் போதும்.

அணியும் வரிசையும் முக்கியமானது. பூட்ஸில் தொடங்கி, கீழ்க்கால், தொடை, இடுப்பு, மார்பு, தோள், கை, தலை என்று கீழிருந்து மேலாக அணியவேண்டும். மார்புக் கவசம் மாட்டியபின் குனிந்து காலில் எதையும் கட்ட முடியாது. கையுறை கடைசி. எந்தக் கிளிப்பும் உங்கள் கைக்கே எட்டும்படி இருந்தால் நல்லது. எட்டாத இடத்தில் இருந்தால், உங்கள் அருகிலேயே இருந்து மாட்டவும் கழற்றவும் உதவும் ஒருவர் அணிந்திருக்கும் நேரம் முழுவதும் வேண்டும்.

கேள்வி: தலைக்கவசத்தில் தலை நுழையும்படி செய்தால் கழுத்து வாய் பெரிதாகிறது, வாயைச் சிறிதாக்கினால் தலை நுழையவில்லை. (ஒரு வாசகர், வேலூர்)

பதில்: தாடையிலிருந்து பின்மண்டைவரை உள்ள நீளத்தைக் கழுத்தின் அளவு ஒருபோதும் எட்டாது. ஆகவே பின்பாதியைத் தனியாக வெட்டிக் கீல் வைத்தோ காந்தம் வைத்தோ மூடும்படி அமையுங்கள். உள்ளே கட்டுமானத் தொழிலாளர் அணியும் தொப்பியின் பட்டைச் சட்டத்தைப் பொருத்தினால் தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்று ஓடும். வாய்ப்பகுதியில் மறைவான துளைகளும், 5 வோல்ட்டில் ஓடும் சிறு மின்விசிறி ஒன்றும் வையுங்கள். விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்துப் பார்வைக் கண்ணாடியின்மேல் வீசும்படி இருந்தால் பனிமூட்டம் படியாது.

கேள்வி: இப்படிச் செய்த கவசம் அடியைத் தாங்குமா? தலைக்கவசத்தை வண்டி ஓட்டும்போது அணியலாமா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அணியவே கூடாது. இருசக்கர வண்டிக்கான தலைக்கவசம் ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தரத்துக்குச் சோதிக்கப்பட்டிருக்கவேண்டும். அதன் உள்ளே மோதலை உறிஞ்சும் நுரை இருக்கிறது. வேடத்துக்கான ஓட்டில் அது இல்லை என்பதோடு, பக்கவாட்டுப் பார்வையையும் மறைக்கும். கண்ணாடி இழையில் உண்மையான பாதுகாப்புக் கவசம் இருந்ததுண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் கண்ணாடி நெசவையும் ரெசினையும் அழுத்தி இறுக்கி ‘டோரான்’ என்ற தகட்டைச் செய்தார்கள். ஜார்ஜ் டோரியோ என்ற படை அதிகாரியின் பெயரால் அமைந்த அது, 1945-இல் ஒகினாவாவில் பயன்பட்டது. அழுத்தத்தில் பல அடுக்காக இறுக்கிய அந்தத் தகட்டுக்கும், ஒன்றரை மில்லிமீட்டரில் கையால் பூசிய ஓட்டுக்கும் வலுவில் ஒப்பீடே கிடையாது.

கேள்வி: பெயின்ட் அடித்தபின் இழைகளின் தடம் வெளியே தெரிகிறது. மேலும், முழுக் கவசத்தை எவ்வளவு நேரம் அணியலாம்? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: ரெசின் முழுமையாக இறுகுவதற்குள் பெயின்ட் அடித்தால், பின்னால் அது மேலும் சுருங்கும்போது இழைத்தடம் மேலெழும். ஒரு வாரமாவது காயவிட்டு, பாலியெஸ்டர் பட்டியை மெல்லிய பூச்சாகப் பார்த்து, 120, 220, 400 என்று உப்புத்தாளின் எண்ணைக் கூட்டிக்கொண்டே தேய்த்து, பிரைமர் அடித்து, பக்கவாட்டில் ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். மேடுபள்ளங்கள் நிழலாகத் தெரியும். உலோக நிறம் அடிக்கப் போகிறீர்கள் என்றால் சிறு குறையைக்கூட அது காட்டிக்கொடுக்கும் என்பதால் இந்தச் சோதனையை இருமுறை செய்யுங்கள். அச்சில் எடுத்த தகட்டில், ஜெல் கோட்டின் அடியில் சர்ஃபேஸ் டிஷ்யூ என்ற மிக மெல்லிய கண்ணாடி இழை விரிப்பு ஒன்றை முதல் அடுக்காகப் போட்டிருந்தால் இந்தச் சிக்கலே பெரும்பாலும் எழாது.

நேரத்தைப் பொறுத்தவரை, ஃபைபர் காற்றையும் வியர்வையையும் சற்றும் விடாது என்பதை மனத்தில் வையுங்கள். நம் வெயிலில் வெளியே நிற்பதென்றால் அரைமணிக்கு ஒருமுறை தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடிக்கவேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் இன்னும் நல்லது. தலைச்சுற்றலோ குமட்டலோ தோன்றினால், அல்லது வியர்வை திடீரென நின்றுவிட்டால், மேடையாக இருந்தாலும் உடனே கழற்றிவிடவேண்டும். இதற்காகவே மார்புக் கவசத்தின் விலாக் கிளிப்புகளை இழுத்தவுடன் திறக்கும் வகையில் வாங்குங்கள். திருகாணியோ முடிச்சோ அங்கே வேண்டாம். விழாவுக்கு முன்பே வீட்டில் முழுவதும் அணிந்து ஒரு மணிநேரம் நடந்து பார்த்து, தோலில் சிவந்திருக்கும் இடங்களை மார்க்கரால் ஓட்டின் உட்புறத்தில் குறித்து, அந்த இடங்களில் மெத்தையைக் கூட்டியோ விளிம்பைக் குறைத்தோ திருத்திக்கொள்ளுங்கள்.